மீட்டருக்கு ஒரு வண்டி, மேட்டுக்கு ஒரு வண்டி

1997 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை காலை. மைசூர் ஆர்.டி.ஓ. அலுவலகச் சுற்றுச்சுவரை ஒட்டிய தூங்குமூஞ்சி மரத்தடியில் பஞ்சவர்ணம் தன் ஃபியட்டை நிறுத்தினாள். பக்கத்து இருக்கையிலிருந்து இறங்கிய மெக்கானிக் சென்னிமலை பானெட்டைத் தூக்கிவிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரோடு கார்புரேட்டர் மேல் குனிந்தான். அந்த மரத்தடியில் அவன் மட்டும் குனிந்திருக்கவில்லை. ஒரு அம்பாசிடர், ஒரு மாருதி வேன், இரண்டு ஆட்டோக்கள், எல்லாவற்றின் வயிற்றுக்குள்ளும் யாரோ ஒருவருடைய தலை இருந்தது.

அந்த வேலைக்கு மெக்கானிக்குகள் வைத்திருந்த பெயர் 'மீட்டர் ட்யூன்'. உள்ளே புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகிப் பார்ப்பார்கள். கார்பன் மோனாக்சைடு மூன்று சதவீதத்தைத் தாண்டினால் வண்டி தோற்றது. ஆகவே வாசல் வரைக்கும் எப்படி வேண்டுமானாலும் ஓடிவரலாம். வாசலில் பெட்ரோலைக் குறைத்துவிட வேண்டும். சான்றிதழோடு வெளியே வந்ததும் திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விட வேண்டும். இதை யாரும் மோசடியாக நினைத்ததில்லை. கல்யாண வீட்டுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போவதுபோல அது ஒரு மரியாதை.

"இன்னும் அரைச் சுத்து எறக்கோணுங்க்கா," என்றான் சென்னிமலை.

"நின்னுடப் போவுது."

"உள்ள போயிட்டு வர்ற வரைக்கும்தானுங்க்கா. அப்பறம் வெளிய வந்து ஏத்தி உட்டர்றேன். நீங்க சும்மா ராணியாட்ட உக்காந்திருங்க."

"ராணிய வண்டி ரோட்டுல எறக்கி உட்ராம இருந்தாச் சரி."

வண்டி 1962ஆம் வருடத்துப் பதிவு. இவ்வளவு பழைய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை சோதனை பார்த்துப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு முன்பு யாதவகிரியில் ஒரு வயதான டாக்டரிடமிருந்து வாங்கியது. பஞ்சவர்ணத்துக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் சூம்பிப்போயிருந்தது. இரும்புப் பட்டையும் தோல் வாரும் கட்டித்தான் நடப்பாள். அந்தக் காலால் பெடலை மிதிக்க முடியாது என்பதற்காகச் சென்னிமலை தன் ஷெட்டில் மூன்று மாதம் உட்கார்ந்து வண்டியை மாற்றினான். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் ஒரு நெம்புகோல். அதை முன்னால் தள்ளினால் ஒரு கம்பி இறங்கி பிரேக் பெடலை அழுத்தும். அதன் நுனியில் பழைய ஸ்கூட்டர் ஒன்றின் பிடி, திருகினால் ஆக்சிலேட்டர். கியர் இந்த வண்டிகளில் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் இடது கைக்கு வாகு. கிளட்சுக்கு இடது கால் நன்றாகவே இருந்தது.

அந்த வண்டி வந்த பிறகுதான் அவளுடைய உத்தியோகமும் மாறியது. தொலைபேசி நிலையத்தில் பதினாறு வருடம் காதில் குழலை மாட்டிக்கொண்டு டிரங்க் கால் போட்டவள், வண்டி இருக்கிறது என்ற தைரியத்தில் தேர்வெழுதி மேற்பார்வையாளர் ஆனாள். வாரத்தில் மூன்று நாள் நஞ்சன்கூடு, ஹுன்சூர், டி.நரசிப்புரா நிலையங்களுக்குப் போய்ப் பார்த்துவர வேண்டும். பஸ்ஸில் ஏறி இறங்கி அதைச் செய்ய அவளால் முடியாது. பதிவு புதுப்பிக்கப்படாவிட்டால் அவள் மறுபடியும் அந்த நாற்காலிக்குத்தான் போக வேண்டும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சென்னிமலைக்குச் சொல்லாமலே தெரியும்.

மீட்டர் 2.7 காட்டியது. சென்னிமலை அவளைப் பார்த்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டான்.

அடுத்து பிரேக் இன்ஸ்பெக்டர். லிங்கப்பன் என்ற பெயரைச் சட்டைப்பையில் குத்தியிருந்த அவர், முன்கூட்டியே கன்னடத்தில் எழுதிக் கொடுத்திருந்த விண்ணப்பத்தை இரண்டு தரம் படித்தார். வண்டியில் செய்த மாற்றங்களை மறைக்காமல் எழுதியிருந்தாள். அவர் குனிந்து நெம்புகோலைத் தள்ளிப் பார்த்தார், வெல்டிங்கை விரலால் தடவினார், கம்பியை ஆட்டினார்.

"யார் செய்தது?" என்று கன்னடத்தில் கேட்டார்.

சென்னிமலை இரண்டடி முன்னால் வந்தான். பிறகு பஞ்சவர்ணத்தின் காதருகே, "மார்டள்ளிக்காரருங்க்கா. நம்ம பக்கத்துத் தமிழ் ஊரு. நாலு வார்த்தை தமிழ்ல பேசி உட்டா முடிஞ்சுது," என்றான்.

"வாயத் தெறக்காத. அவருக்குத்தான் கஷ்டம்."

காவிரித் தகராறு நடந்து இன்னும் ஆறு வருடம்கூட ஆகவில்லை. தமிழ் அதிகாரி ஒருவர் தமிழ்ப் பெண் ஒருத்திக்கு ஏதோ பார்த்துச் செய்தார் என்று வராந்தாவில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும். அவரும் அதை அறிந்தவராகத்தான் தெரிந்தார். அவளுடைய முகத்தைப் பார்க்காமல், பின்பக்கம் லாரிகளைச் சோதிக்கக் கட்டியிருந்த சரிவைக் காட்டினார். பாதி மேட்டில் நிறுத்தி, மறுபடி கிளப்பி மேலே ஏற வேண்டும். மற்ற கார்களுக்கு இதைக் கேட்பதில்லை. கையால் ஓட்டும் வண்டி என்பதால் கேட்கிறார்.

பஞ்சவர்ணம் பாதி மேட்டில் நிறுத்தினாள். நெம்புகோலை முன்னால் தள்ளிப் பிடித்தபடி முதல் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட்டாள். எஞ்சின் இரண்டு குலுக்கு குலுக்கி அடங்கிப்போனது.

மறுபடி கிளப்பினாள். மறுபடி அடங்கியது. மூன்றாவது தடவை அவசரத்தில் நெம்புகோலைப் பின்னால் இழுத்துப் பிடியைத் திருகுவதற்குள் வண்டி ஐந்தாறு அடி பின்னால் உருண்டது. சென்னிமலை ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு கல்லை உதைத்துக் கொடுத்தான். கீழே நின்றவர்களில் யாரோ "பாப, பாப" என்று கன்னடத்தில் பாவப்பட்டார்கள்.

விஷயம் சின்னதுதான். பிரேக்கும் ஆக்சிலேட்டரும் ஒரே கையில், ஒரே கோலில். கோலை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கும் கையால் பிடியைத் திருக வராது, அதனால் மேட்டில் பிரேக்கைப் பிடித்திருக்கும்போது ஆக்சிலேட்டர் கொடுக்க முடியாது. அதற்காகத்தான் சென்னிமலை எஞ்சின் சும்மா இருக்கும்போதே பெரிய மூச்சு விடும்படி பெட்ரோலைத் தாராளமாகத் திறந்து வைத்திருந்தான். கிளட்சை விட்டால் வண்டி தானாகவே மேடேறும். ஐந்து வருடமாக அப்படித்தான் ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு மீட்டருக்காக அந்த மூச்சைப் பிடித்து வைத்திருந்தார்கள்.

லிங்கப்பன் வண்டியின் ஜன்னலுக்கு வந்தார். பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார்.

"வேண்டாம்மா," என்றார். இப்போது தமிழில், குரலைத் தாழ்த்தி. "வண்டி மேல தப்பு சொல்லல. இந்தக் கோலை வெச்சுக்கிட்டு உங்களால மேட்டுல சமாளிக்க முடியல. கண்ணால பாத்துட்டேன். நாளைக்கு ஒரு ஸ்கூல் பிள்ளை பின்னாடி நின்னா?"

பஞ்சவர்ணம் சென்னிமலையைப் பார்த்தாள். அவன் கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டால், ஓட்டத் தெரியாதவள் என்று காகிதத்தில் ஏறும். திறந்தால், மீட்டரை ஏமாற்றியவள் என்று ஏறும். இரண்டில் எது வண்டியைக் காப்பாற்றும் என்று யோசித்துப் பார்த்தாள், எதுவுமில்லை. அப்படியென்றால் உண்மை எதுவோ அதைச் சொல்லிவிடலாம்.

"எனக்கு ஓட்டத் தெரியும் சார். அஞ்சு வருஷமா ஹுன்சூர் ரோட்டுல ஓட்டறேன். வண்டிய மீட்டருக்காக எறக்கி வெச்சிருக்கோம். அதான் நிக்குது."

"அக்கா," என்றான் சென்னிமலை, பல்லிடுக்கில்.

லிங்கப்பனுக்குக் கோபம் வரவில்லை. "இங்க வர்ற அத்தனை வண்டியும் அரை மணி நேரத்துக்கு உத்தமனாத்தான் இருக்கு," என்றார். "எனக்குத் தெரியாதா? ஆனா வாயத் தெறந்து சொன்ன மொதல் ஆளு நீங்கதான். சொல்லாம இருந்திருந்தா எனக்கு வேலை சுலபம்."

சென்னிமலையைக் கூப்பிட்டு, அங்கேயே திருகைப் பழைய இடத்துக்கு வைக்கச் சொன்னார். வண்டி முணுமுணுக்காமல் மேடேறியது. அப்படியே மீட்டருக்குக் கொண்டுபோகச் சொன்னார். 6.1.

"இப்ப நீங்களே சொல்லுங்க. மீட்டருக்கு ஒரு வண்டி வெச்சிருக்கீங்க, மேட்டுக்கு ஒரு வண்டி வெச்சிருக்கீங்க. நான் எந்த வண்டிக்குக் கையெழுத்துப் போடறது?"

அவர் நிராகரிப்பு என்று எழுதவில்லை. 'மறு சோதனை, அடுத்த வியாழன்' என்று எழுதினார்.

திரும்பி வந்து ஷெட் வாசலில் இறங்கும்போது சென்னிமலை, "என்னைய மாட்டி உட்டுட்டீங்களேங்க்கா," என்றான்.

"உன் பேர நான் சொல்லல."

"நான் பக்கத்துலதான நின்னேன். ஸ்க்ரூடிரைவர் சட்டைச் சோப்புல நீட்டிக்கிட்டு இருந்துது."

அதற்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை.

மறுநாள் ஆஷாட மாதத்து வெள்ளி, அம்மனுக்கு விசேஷம். ஊர் முழுவதும் சாமுண்டி மலைக்குப் போனது. பஞ்சவர்ணம் லீவு போட்டுவிட்டு வீட்டு வாசலில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தாள். சென்னிமலையை வரவழைத்து மீட்டருக்கு வைத்த அளவிலேயே திருகை வைக்கச் சொல்லியிருந்தாள். எஞ்சின் தணிந்து, நிதானமாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வண்டிக்கு இப்படி ஒரு குரல் உண்டென்று அவளுக்குத் தெரியாது. ஐந்து வருடமும் அது யாரோ துரத்துவதுபோலத்தான் இரைந்திருக்கிறது.

மேட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தாள். வலது கை நெம்புகோலில். இடது கால் கிளட்சில். இடது கை? கியர் போட்ட பிறகு இடது கைக்கு வேலையே இல்லை. ஸ்டியரிங் மேல் சும்மா கிடந்தது. அதற்கு ஒரு முழத்துக்குக் கீழே, டாஷ்போர்டுக்கு அடியில், குடைப்பிடி மாதிரி வளைந்த கை பிரேக் தொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்திவைக்கும்போது இழுப்பது, மற்றபடி அவள் தொட்டதில்லை.

இழுத்தாள். பாதி தூரம் தளர்வாக வந்தது.

"சென்னிமலை, இத மேட்டுல பிடிச்சு நிறுத்தினா என்ன? வலது கை ஆக்சிலேட்டருக்கு ஃப்ரீ ஆயிடுதே."

அவன் ஜன்னலில் சாய்ந்து பார்த்தான். "ஆவுதுங்க்கா," என்றான் மெதுவாக. "ஆனா அதைய விடறப்ப திருப்பி உள்ள தள்ளோணும். அந்த நேரத்துக்கு ஸ்டியரிங்ல கையே இருக்காது."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு செகண்டு."

"நேர் ரோட்டுல ரெண்டு செகண்டு ஸ்டியரிங் எங்கயும் ஓடிடாது. இது உனக்கு அப்பவே தெரியுமா?"

அவன் துணியில் கையைத் துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"தெரியுமா தெரியாதா?"

"தொண்ணூத்திரெண்டுல மொத மொத ஓட்டிக்கிட்டு வந்தீங்கல்ல, உங்க எக்ஸ்சேஞ்சுக்கு முன்னால அந்த ஏத்தத்துல வண்டி நின்னு போச்சு. பின்னால ரெண்டு சிட்டி பஸ்சு ஹாரன் அடிக்குது. அன்னிக்கு உங்க மூஞ்சியப் பாத்தேனுங்க்கா. அதுக்கப்பறம் இந்த வண்டி எங்கயும் நிக்கவே கூடாதுன்னு ஏத்தி வெச்சுட்டேன்."

"நான் அன்னிக்கு அழல."

"அழுதிருந்தா உட்ருப்பேன்."

பஞ்சவர்ணம் எஞ்சினை அணைத்தாள். நான்கு லிட்டரில் போய்வர வேண்டிய நஞ்சன்கூட்டுக்கு ஆறு லிட்டர் போட்டது, பின்னால் வருகிற ஸ்கூட்டர்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டது, எல்லாம் நினைவுக்கு வந்தன. அவ்வளவு புகையும் அவளுடைய ஒரு நாள் முகத்துக்காக. அவன் மேல் கோபப்படலாமா என்று பார்த்தாள், முழுதாக வரவில்லை. நன்றி சொல்லலாமா என்று பார்த்தாள், அதுவும் வரவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்," என்றாள் கடைசியில்.

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"அதுக்குத்தான் கேக்கணும்."

அவன் கை பிரேக்கின் கேபிளை இறுக்கினான். அதன் பிடி சுலபமாகத் திரும்புவதற்காக உள்ளே கிரீஸ் வைத்தான். அதற்கு மேல் வண்டியில் செய்ய ஒன்றுமில்லை. மீதி அவள் செய்ய வேண்டியது.

சனிக்கிழமையிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு மலை அடிவாரத்துக்குப் போனார்கள். முதல் வளைவுக்கு முன்னால் ஒரு நேரான ஏற்றம் உண்டு. முதல் நாள் பதினொரு தடவை வண்டி நின்றது. ஆனால் பெரிய தொந்தரவு எஞ்சின் இல்லை. நடைப்பயிற்சிக்கு வரும் பெரிய மனிதர்கள். வண்டி ஓரடி பின்னால் நகர்ந்தால் போதும், குரங்குக் குல்லாயும் கான்வாஸ் ஷூவுமாக நாலு பேர் ஓடிவந்து பின்னால் கை கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்வதற்குள் மேலே தள்ளிக்கொண்டு போய்விட்டு, மூச்சு வாங்க, திருப்தியோடு சிரித்தார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் மூன்று நாளும் தவறாமல் தள்ளினார்.

மூன்றாம் நாள் பஞ்சவர்ணம் தலையை வெளியே நீட்டி, "சார், தயவு செய்து தள்ளாதீங்க! நான் நிக்கத்தான் வந்திருக்கேன்!" என்று கன்னடத்தில் கத்தினாள்.

"நிற்பதற்கா?" என்றார் பேராசிரியர், கையை எடுக்காமல்.

"நின்னு கிளம்பறதுக்கு!"

அவர் யோசித்துப் பார்த்து, சாலையோரம் போய் நின்றுகொண்டார். மற்றவர்களையும் கையைக் காட்டித் தடுத்தார். அவ்வளவு பேர் சும்மா நின்று பார்ப்பது தள்ளுவதைவிடக் கஷ்டமாக இருந்தது. பஞ்சவர்ணத்துக்கு முதுகில் வியர்த்தது. கை பிரேக்கின் பிடியை இழுத்தாள். நெம்புகோலை விட்டாள், வண்டி நகரவில்லை. கிளட்சை, பானெட் ஒரு விரலளவு தூக்கும் வரை விட்டாள். வலது கையால் ஆக்சிலேட்டரைத் திருகினாள். இடது கையால் பிடியைத் திருப்பி உள்ளே தள்ளினாள். வண்டி பின்னால் ஒரு சாண் சறுக்கி, யோசித்து, மேலே போனது.

யாரும் கைதட்டவில்லை. பேராசிரியர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடையைத் தொடர்ந்தார். செவ்வாயும் புதனும் அந்த ஒரு சாண் சறுக்கல் நாலு விரலானது, முழுதாகப் போகவில்லை. பத்துக்கு இரண்டு தடவை எஞ்சின் நின்றது.

வியாழக்கிழமை மரத்தடியில் நிற்காமல் நேராக உள்ளே போனார்கள். மீட்டர் 2.8. லிங்கப்பன் திருகைத் தானே தொட்டுப் பார்த்து, அதன் தலையில் பெயின்டால் ஒரு கோடு போட்டார். மேட்டுக்குப் போகும் வழியில் யாரும் கைவைக்காமலிருக்க. சென்னிமலையைத் தூரமாகப் போய் நிற்கச் சொன்னார்.

முதல் தடவை எஞ்சின் நின்றது.

வண்டி நகரவில்லை. கை பிரேக் பிடித்திருந்தது. பஞ்சவர்ணம் அவரைப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பிக் கிளப்பினாள். கிளட்ச், திருகல், பிடி. வண்டி நாலு விரல் சறுக்கி மேலேறி நின்றது. லிங்கப்பன் கீழே வரச் சொன்னார். மறுபடி ஏறச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை.

"இன்னும் நம்பிக்கை வரலீங்களா சார்?"

"மொத தடவை நின்னப்பவே வந்துடுச்சு. நின்னு போனா என்ன பண்ணுவீங்கன்னுதான் பாக்க வேண்டியிருந்தது," என்றார். "இப்ப எப்படி எழுதறதுன்னு பாக்கறேன். இந்த மாதிரி வண்டிக்கு எங்ககிட்ட எழுதி வெச்ச வாசகம் ஒண்ணும் இல்ல."

பதிவுப் புத்தகத்தை பானெட் மேல் விரித்து, ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதிப் படித்தார்: மாற்றியமைக்கப்பட்ட வண்டி, ஊனமுற்றவர் மட்டும் ஓட்டுவதற்குரியது.

"மட்டும் வேண்டாம் சார்."

"ஏம்மா? உங்க நல்லதுக்குத்தான்."

"பெடல் எல்லாம் பழையபடி அப்படியே இருக்கு. சென்னிமலை காலாலதான் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போறான். யார் வேணும்னாலும் ஓட்டலாம். வேணும்னா நீங்க கையால ஓட்டிப் பாருங்க."

சும்மா சொன்னதுதான். அவர் உண்மையாகவே ஏறி உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி ஓரமாக வைத்துக்கொண்டு கிளப்பினார். மேட்டில் பாதிக்கு வந்ததும் அந்தக் கால், சொல்பேச்சுக் கேட்காமல், பிரேக்குக்குப் போனது. கை எதையோ திருகியது. வண்டி ஒரு குதி குதித்து அடங்கியது. வராந்தாவில் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். இன்னொரு தடவை முயன்றார். இன்னொரு தடவை அடங்கியது.

"இடது கைய சும்மா வெச்சிருக்கீங்க சார்," என்றாள் பஞ்சவர்ணம் ஜன்னலில்.

அவர் இறங்கி, எழுதிய இரண்டாவது வரியை அடித்தார். "நீங்களே சொல்லுங்க," என்றார். அவள் நிதானமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்: பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கையாலும் இயங்கும், காலாலும் இயங்கும். ஏற்றத்தில் நிறுத்த, இடது கையால் கை பிரேக்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சார். ரெண்டு மணிக்கு டூட்டி."

அவர் ஐந்து வருடத்துக்கு முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டார்.